பவளத்துக்கு ஓரம் அடித்த கதை

திருப்பூரில் ஒரு பனியனின் கழுத்தில் "நூறு சதவீதம் பருத்தி" என்று இருந்தால், அது துணியைப் பற்றிய பேச்சு மட்டும்தான். தைத்த நூல் அதில் சேராது. தைக்கிற நூல் பாலியஸ்டர். அந்த வாசகத்தை அச்சடித்திருக்கும் பளபளப்பான லேபிளும் பாலியஸ்டர்தான். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. வாங்குகிறவனுக்கும் தெரியும், விற்கிறவனுக்கும் தெரியும், எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம். பதினெட்டு வருடமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற நான் இதைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. அதற்கு என் அக்கா அடிபட்டாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் ஊர் மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கிறது. நான் கல்யாணமாகி, புருஷனோடு பிழைப்பு தேடித் திருப்பூர்ப் பல்லடம் ரோட்டுக்கு வந்தேன். அக்கா ஊரிலேயே இருந்தாள். அவள் பாசி எடுப்பவள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, காலடியில் தகடு கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, தீவைச் சுற்றியுள்ள பாரில் கடற்பாசி பறிக்கிற பெண்களில் ஒருத்தி. பார் என்று நாங்கள் சொல்வது பவளப்பாறையைத்தான். எங்கள் ஊரில் அதற்கு வேறு பெயர் கிடையாது.

சில வருடங்களுக்கு முன் அந்தப் பாரைக் கண்காணிக்க ஒரு ஆய்வுக் குழு வந்தது. முதலில் வழி காட்ட அக்காவைக் கூப்பிட்டார்கள். பிறகு தண்ணீருக்குள் அளவு டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்புறம் டேப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குறிக்கிற வேலையும் அவளிடமே வந்துவிட்டது. உயிரோடு இருப்பது, வெளுத்தது, செத்தது, பாசி மூடியது என்று அடிக்கு அடி பார்த்து, நனைந்தாலும் அழியாத பலகையில் பென்சிலால் குறிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். ஆனால் கோடை சூடேறிப் பவளம் வெளுக்கத் தொடங்கினால், படித்து வந்தவர்களுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். "நேத்து இருந்த நிறம் இன்னைக்கி இல்ல சார்" என்பாள். குழுவில் இருந்தவர்கள் அவள் பேச்சை எடுத்து எழுதிக்கொண்டார்கள் என்று ஒருமுறை பெருமையாகச் சொன்னாள்.

பிறகு செத்துப்போன இடத்தில் பவளம் நடும் வேலை தொடங்கியது. சிமெண்ட் பலகைகளைக் கடலடியில் வைத்து, மான்கொம்பு போலக் கிளை விடுகிற பவளத்தின் சிறு துண்டுகளை அதில் கட்டுவார்கள். கொஞ்ச மாதத்தில் துண்டு பலகையை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அக்காவிடம் வந்தது. பாசி எடுக்கிற மற்ற பெண்களிடம், அந்தப் பக்கம் கால் வைக்காதீர்கள், அங்கே பறிக்காதீர்கள் என்று அவள்தான் கெஞ்சியும் அதட்டியும் கேட்டுக்கொண்டாள். அது நல்ல பாசி விளைகிற இடம். அவர்கள் விட்டுக்கொடுத்தது அக்காவின் முகத்துக்காக.

கட்டுவதற்கு முதலில் நைலான் கயிறுதான். பவளம் ஒட்டிய பிறகும் நைலான் கடலிலேயே கிடந்தது. ஒட்டிப் பிடிக்கிற வரைக்கும் தாங்கி, பிறகு தானாக மக்கிப் போகிற ஏதாவது கிடைக்குமா என்று அந்த நடும் திட்டத்தின் அலுவலர் கேட்டிருக்கிறார். அக்கா எனக்கு போன் போட்டாள்.

"ஏட்டி, ஒங்க கம்பெனில துண்டுத் துணி கெடக்கும்ல? பருத்தித் துணி. ரெண்டு விரல் அகலத்துல கிழிச்ச கந்தலு ஒரு மூட்டை அனுப்பு. வேற ஒண்ணும் வேணாம்."

கேட்டது அவ்வளவுதான். கட்டிங் டேபிளுக்குக் கீழே தினம் மூட்டை மூட்டையாகச் சேர்கிற கட்டிங் வேஸ்ட். அதில் ஒரு மூட்டையைக் கட்டி லாரி பார்சலில் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

நான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். பொங்கலூர்ப் பக்கம் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். தறிகெட்ட மனிதர் இல்லை, யாரையும் மரியாதை இல்லாமல் பேசமாட்டார். நான் பவளம் நடுவதை விவரித்ததும் அவருக்குக் கண் விரிந்தது.

"தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக் கட்டறமல்லங்க, அந்த மாதிரிங்களா அம்மிணி?"

"ஆமாங்க சார், கிட்டத்தட்ட அதேதானுங்க."

"அட, நல்ல காரியமுங்க. தாராளமாப் பண்ணலாமுங்க."

அவர் அதை எங்கள் சரக்கை வாங்குகிற பையரிடம் சொன்னார். பையர் வெளிநாட்டுக்காரர். கடல் என்றதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. போட்டோ வேண்டும், வீடியோ வேண்டும் என்றார். கந்தல் மூட்டை ஒரே வாரத்தில் லாட் நம்பர் போட்ட சரக்காகிவிட்டது. புதுத் துணியை ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, ஓரம் அடித்து, ஒவ்வொரு துண்டின் முனையிலும் கம்பெனி லேபிள் வைத்துக் கொடுப்பது என்று முடிவானது.

ஓரம் அடிப்பது என்றால் ஓவர்லாக் மெஷினில் விளிம்பைச் சுற்றித் தைப்பது. ஓவர்லாக்கில் உட்கார்ந்திருந்த பீகார்க்காரர், நாலு வருடமாக எங்களிடம் வேலை செய்கிறவர், ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "அக்கா, இது தண்ணில அழுகிப் போற சாமான்தான? அப்பறம் ஏன் சிலாயி?" அழுகிப்போவதை எதற்குத் தைக்க வேண்டும் என்கிறார். அந்தக் கம்பெனி முழுக்க மூளை வேலை செய்த ஒரே ஆள் அவர். நான் அவரிடம், "சொன்னதை அடிங்க பையா, டார்கெட் போகுது" என்று எரிந்து விழுந்தேன்.

அடித்து முடித்த துண்டுகள் என் மேஜைக்கு வந்தன. தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, லேபிள் கோணலா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எந்தக் குழந்தைக்கும் ஊசி முனை குத்திவிடக் கூடாது என்று பனியன்களை விடுகிற மாதிரியே, பவளத்துக்குப் போகிற அந்தத் துண்டுகளையும் ஊசி கண்டுபிடிக்கிற மெஷினுக்குள் விட்டெடுத்தோம். துணி பருத்தி என்பதற்கான சீட்டு கோப்பில் இருந்தது. ஓகே போட்டுக் கையெழுத்து வைத்தேன். நூலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பதினெட்டு வருடப் பழக்கத்தில் நூல் என் கண்ணுக்கு நூலாகவே தெரியாமல் போயிருந்தது.

அக்கா கட்டினாள். போட்டோக்காரர் வந்தார். எங்கள் கம்பெனி வரவேற்பறைச் சுவரில், நீலத் தண்ணீருக்குள் ஒரு கை வெள்ளைத் துணியை முடிச்சுப் போடுகிற படத்தை ஆளுயரத்துக்கு மாட்டினார்கள். அக்காவின் கைதான் அது, முகம் இல்லை. "கடலைக் காக்கும் எங்கள் இழைகள்" என்று கீழே எழுதியிருந்தது. சாயக் கழிவில் நொய்யல் ஆறு எந்த நிறத்தில் ஓடுகிறது என்று எட்டிப் பார்க்காத ஊரில், இருநூறு மைலுக்கு அப்பால் உள்ள கடலைக் காப்பாற்றுகிற படம். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. படத்துக்கு முன்னால் நின்று செல்பி எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்து அக்கா போன் செய்தாள். குரலே சரியில்லை.

"துணி போயிருச்சுட்டி. நூலு போகல."

அடுத்த ரயிலில் கிளம்பினேன். மறுநாள் காலை வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போனாள். சின்ன வயதில் முங்கின பழக்கம் எனக்கும் விட்டுப்போகவில்லை. கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்கினேன். பருத்தி சொன்னபடி மக்கிப் போயிருந்தது. ஆனால் ஓவர்லாக் தையல் சங்கிலி சங்கிலியாக அப்படியே நின்றது. துணி பிடித்திருந்த வரைக்கும் ஒழுங்காக இருந்த அந்தச் சங்கிலிகள் இப்போது தளர்ந்து, கிளைக்குக் கிளை சுற்றி, அலை அசைகிற போதெல்லாம் பவளத்தை உரசிக்கொண்டிருந்தன. உரசிய இடமெல்லாம் தோல் போய்ப் பச்சைப் பாசி ஏறியிருந்தது. சில துண்டுகள் முழுசாகச் செத்துவிட்டன. லேபிள்கள் மட்டும் கடையில் தொங்குகிற மாதிரி எழுத்துகூடக் கலையாமல் மின்னின. தண்ணீருக்குள் கத்த முடியாது. மேலே வந்து கத்தினேன், யாரைத் திட்டுவது என்று தெரியாமல்.

பையில் எப்போதும் கிடக்கிற ட்ரிம்மரை எடுத்தேன். பிசிறு நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி, செக்கிங் பார்க்கிறவளின் கையில் ஒரு விரல் மாதிரி இருப்பது. நானும் அக்காவும் மூன்று நாள் முங்கி முங்கி அந்த நூல்களை வெட்டி எடுத்தோம். கம்பெனியில் ஒரு பீஸுக்கு அரை நிமிஷம் என்று கணக்குப் போட்டு வெட்டுகிறவள் நான். இங்கே ஒரு மூச்சுக்கு ஒரு கிளைகூட முடியவில்லை. இழுத்தால் பவளம் ஒடியும், விட்டால் உரசும்.

இதற்குள் கரையில் என்ன நடந்திருந்தது என்பதை அக்கா மெதுவாகத்தான் சொன்னாள். கண்காணிப்புக்கு வந்த அலுவலர் செத்த துண்டுகளைப் பார்த்துவிட்டு, "களப்பணியாளர் முறையாகக் கட்டாததால் சேதம்" என்று எழுதிவிட்டார். நல்ல கம்பெனி கொடுத்த நல்ல துணி, போட்டோவெல்லாம் வந்துவிட்டது. தப்பு கட்டின கையில்தானே இருக்க முடியும்? அடுத்த முறை டேப் பிடிக்கப் போகிறவர்களின் பட்டியலில் அக்கா பெயர் இல்லை. ஊர்ப் பெண்கள் அவளைச் சும்மா விடவில்லை. "எங்களை ஒதுக்கி வச்சிட்டு நீ நட்டு கிழிச்சது இதானா?" என்று தண்ணிக் குழாயடியில் வைத்தே கேட்டிருக்கிறார்கள். அவள் தினம் பார்க்கிற, தினம் கூட முங்குகிற பெண்கள்.

மூன்றாம் நாள் கரையில் நூல் குவியலை வைத்துக்கொண்டு அக்கா கேட்டாள். "நான் கந்தல்தான கேட்டேன். இதத் தைக்கச் சொன்னது யாருட்டி?"

"கம்பெனில முதலாளிதான்க்கா" என்றேன்.

அவள் முதலாளியை வாய்க்கு வந்தபடி திட்டினாள். நானும் சேர்ந்து திட்டினேன். அவளைவிடச் சத்தமாகத் திட்டினேன்.

அந்த வேகத்தோடேயே திருப்பூர் திரும்பி, நேராக அவர் அறைக்குப் போனேன். ஒரு பை நிறையக் கொண்டுவந்த நூலை மேஜையில் கொட்டினேன். திருப்பூரில் துணியைச் சோதிக்க எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. கொளுத்திப் பார்ப்பது. பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் உதிரும். பாலியஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு கருப்பு மணியாக இறுகும். நான் ஒரு தீக்குச்சியைக் கிழித்து அவர் முன்னாலேயே கொளுத்தினேன். நூல் உருகி, கருப்பு மணியாகி, கண்ணாடி மேஜையில் ஒட்டிக்கொண்டது.

அவர் அசரவில்லை. "பாலியஸ்டர்தானுங்க அம்மிணி. தையல் நூல் பின்னே வேற எதுங்க? நூலை யாருங்க கணக்குல சேர்க்கறாங்க?"

"அந்த நூல் பவளத்தைக் கொன்னுருச்சுங்க. எங்கக்கா பேரைக் கெடுத்துருச்சுங்க. கந்தல் கேட்டா கந்தலைக் குடுக்க வேண்டியதுதானுங்களே, எதுக்குங்க ஓரம் அடிச்சீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதில் நக்கல் இல்லை, நிஜமான குழப்பம்தான் இருந்தது. "ஏனுங்க அம்மிணி, நீங்கதானுங்களே சொன்னீங்க? ஊருக்குப் போற பொருளுங்க, பிசிறா இருந்தா அசிங்கமா இருக்கும், ஓரம் அடிச்சுக் குடுத்துரலாமுங்கன்னு?"

முடிவானது என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா. தானாக முடிவாகவில்லை. நான்தான் முடிவு செய்தேன், அதை வசதியாக மறந்துமிருந்தேன். லேபிள் அவருடைய ஆசை. ஓரம் அடித்தது என்னுடைய ஆசை. பதினெட்டு வருடம் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு, அக்காவுக்கு, ஊருக்கு, அந்தப் பெண்களுக்கு ஒரு மூட்டைக் கந்தலை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பிரித்ததும் ஆஹா என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கேட்டதைவிட நல்லதாகக் கொடுக்கிறேன் என்கிற திமிர். முதலாளியின் மேல் பொங்கிக்கொண்டு போன கோபம் அந்த நிமிஷம் திரும்பி என் மேலேயே விழுந்தது. ஆனால் அவர் மேல் இருந்ததும் குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அடுத்து அவர் சொன்னது இது:

"போனது போகட்டுமுங்க. ரெண்டாவது லாட் அடிச்சு ரெடியா இருக்குதுங்க. பையர் அடுத்த வாரம் வர்றாருங்க. நீங்க பாத்து ஓகே போட்ருங்க."

நான் கீழே போய் அந்த லாட்டின் சீட்டை எடுத்து, "நிராகரிக்கப்பட்டது. தையல் நூல் பாலியஸ்டர். கடலில் மக்காது. முதல் லாட்டைத் தவறாக அனுமதித்தது நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாள் என்னோடு முதலாளி பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தத் துண்டுகள் பேக்கிங்கிலிருந்து எங்கோ போயின, கடலுக்குப் போகவில்லை. வரவேற்பறைப் படம் மட்டும் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. பையர் வந்தபோது அதன் முன்னால்தான் நின்று கைகுலுக்கினார்கள்.

திட்ட அலுவலருக்கும் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ரிப்போர்ட் மேல போயிருச்சும்மா. அடுத்த ரிப்போர்ட்ல ஒரு வரி சேத்துக்கலாம்" என்றார். பட்டியலில் அக்காவின் பெயரைச் சேர்க்க முடியுமா என்றேன். அதற்கும் அடுத்த ரிப்போர்ட்தான். தப்பாக எழுத ஒரு காலை போதும், திருத்த ஒரு வருடம் வேண்டும் என்கிறார்கள். 

கடைசியாக அக்காவுக்குச் சொன்னேன். தைக்கச் சொன்னது நான்தான் என்று. 

"ஒரு மூட்டை கந்தல் கேட்டேன்ட்டி" என்றாள். "அத அனுப்ப ஒனக்கு வெக்கமா இருந்துச்சா? கந்தலப் பாத்து வெக்கமா, எங்களப் பாத்து வெக்கமா?"

பிறகு அவளே சொன்னாள்:

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? ஞாயித்துக்கெழம வா. அவளுககிட்ட வந்து சொல்லு."

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்து பெண்கள் வெளியே வந்தபோது நான் நின்று சொன்னேன். கட்டினதில் தப்பில்லை, கட்டக் கொடுத்ததில்தான் தப்பு, அது என் தப்பு என்றேன். இரண்டு மூன்று பேர் என்னைத் திட்டினார்கள், திட்டட்டும். குழாயடியில் அக்காவைக் கேட்டவள் மட்டும், "சரி, அப்ப நாளைக்கி பார் அளக்கப் போற படகுல இவளக் கூட்டிட்டுப் போவாகளா?" என்று கேட்டாள். 

மறுநாள் காலை கண்காணிப்புப் படகு கிளம்பியது. அக்காவின் இடத்தில் புதிதாக ஒரு ஆள் முன்னால் உட்கார்ந்திருந்தார். படகு தீவின் தெற்கு முனைக்குத் திரும்பியது. நட்ட இடம் வடக்கே இருக்கிறது. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் ஓடினாள். "அங்க இல்ல சார்! வடக்கால போங்க! அந்தப் பக்கம் போனா நங்கூரம் பார்மேல விழும்!" என்று இரண்டு கையையும் வீசி வீசிக் கத்தினாள். அவளைப் பட்டியலிலிருந்து எடுத்தவர்களுக்குத்தான் கத்தினாள். மோட்டார் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. நானும் தண்ணீரில் இறங்கி அவளோடு சேர்ந்து கத்தினேன். படகு திரும்பவில்லை.